அலங்கார ஓரத் தையல் (கணினி எம்பிராய்டரி)

அலங்கார ஓரத் தையல் என்பது, ஒரு கோட்டின் வழியே சிறு உருவம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பதித்துச் செல்லும் எந்திரத் தையல். ரவிக்கைக் கழுத்து, கைவிளிம்பு, சேலைக் கரை, பாவாடையின் அடிப்பகுதி ஆகியவை இதற்குரிய இடங்கள். மென்பொருளோடு வரும் உருவங்களைப் பயன்படுத்தலாம். சொந்தமாக வரைந்தும் சேர்க்கலாம். இரண்டாவது வழியே இங்கே விளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டு, தேனி மாவட்டத்துக்குப் பழக்கமான ஏலக்காய்.

எந்திரப் பூத்தையலின் வரலாறு 1828-இல் பிரான்சின் மியூலூஸ் நகரில் ஜோசுவே ஹைல்மன் அமைத்த கை எந்திரத்தில் தொடங்குகிறது. 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி ஷிஃப்லி எந்திரத்தை உருவாக்கினார். பிறகு துளையிட்ட அட்டைகள் ஊசியின் போக்கைத் தீர்மானித்தன. அட்டை போய்க் கணினி வந்துவிட்டது. ஆனாலும் டிசைன் போடுவதை இன்றும் ‘பஞ்சிங்’ (துளையிடுதல்) என்றே சொல்கிறார்கள்.

ஓரத் தையலின் இலக்கணம் சிக்குக் கோலத்தின் இலக்கணம்தான். கையை எடுக்காமல் போட வேண்டும். உருவம் கோட்டின் இடப்பக்கத்தில் தொடங்கி, வலப்பக்கத்தில் அதே மட்டத்தில் முடிய வேண்டும். அடுத்த உருவம் அங்கிருந்து தொடரும். நடுவில் தொடர்ச்சி அறுந்தால் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. அறுபது உருவம் என்றால் அறுபது வெட்டு. அழகாக வரையத் தெரிந்தவர்களும் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

சில வகை ஏலச்செடிகளில் காய்க்கும் தண்டு, செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும். காய்கள் அதிலேயே தொங்கும். ஓரத் தையலுக்கென்றே அமைந்த வடிவம் இது: தையல் கோடு தண்டு, உருவம் காய். உருவத்தின் அகலம் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிக்கோட்டில் 4 மி.மீ. தூரத்தை இரண்டு தையலில் கடக்க வேண்டும். அங்கிருந்து காம்புக்கு ஒரு தையல் மேலே. காயின் இடப்பக்க வளைவு மூன்று தையலில் நுனியைத் தொடும். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக இரண்டு தையலில் கீழே இறங்கி, வலப்பக்க வளைவில் மூன்று தையலில் மறுபடி நுனிக்கு ஏற வேண்டும். திரும்பவும் நரம்பில் இரண்டு, காம்பில் ஒன்று, அடிக்கோட்டில் மீதி இரண்டு. மொத்தம் 16 தையல். நரம்பிலும் காம்பிலும் நூல் இருமுறை ஓடியதால் அவை தாமாகவே தடித்து எடுப்பாகத் தெரியும். திரும்பி வர வேண்டிய கட்டாயமே இங்கே அழகாகிவிடுகிறது.

ரவிக்கையின் பின்கழுத்து விளிம்பு 48 செ.மீ. இருந்தால் 60 காய்கள், 960 தையல்கள். நிமிடத்துக்கு 600 தையல் போடும் வேகத்தில் இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் விளிம்பு எப்போதும் எட்டால் மீதியின்றி வகுபடாது. 48.4 செ.மீ. என்றால் கடைசியில் அரைக்காய் நிற்கும். இடைவெளியை 8.07 மி.மீ. ஆக்கினால் 60 காய்கள் முழுதாக அமர்ந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

வளைவில் வேறொரு சிக்கல். காய்கள் வளைவின் உட்புறம் நோக்கி நின்றால் நுனிகள் நெருங்கும். 20 மி.மீ. ஆரமுள்ள வளைவில் அடியில் 8 மி.மீ. இருக்கும் இடைவெளி, நுனியில் கணிசமாகக் குறையும். அங்கே காயை வெளிப்புறமாகத் திருப்புவது நல்லது. பானைக் கழுத்தின் கூர்முனையில் கோட்டைத் துண்டித்து, மூலைக்கென்று தனி உருவம் வைக்க வேண்டும்.

1979-இல் சிட்னியில் தொடங்கிய வில்காம் நிறுவனத்தின் மென்பொருளில், வரைந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரிட்டு, இரண்டு குறிப்புப் புள்ளிகளைச் சுட்டினால் அது உருவத் தொகுப்பில் சேர்ந்துவிடும். இடைவெளியையும் திசையையும் அந்தப் புள்ளிகளே முடிவு செய்கின்றன. பிரதர் நிறுவனத்தின் பிஇ-டிசைனில் இதற்கெனத் தனிக் கருவி உண்டு. காசு கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு, இங்க்ஸ்கேப்போடு இயங்கும் இங்க்/ஸ்டிச் இலவசம். புதிதாகத் தொழில் கற்கும் பெண்களுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுப்பதே சரி.

எந்திரத்துக்குப் போகும் டிஎஸ்டி கோப்பு கோட்டை அறியாது. ஊசி இறங்கும் இடங்களை மட்டுமே அறியும். அளவு 0.1 மி.மீ. அலகில், ஒரு நகர்வு அதிகபட்சம் 12.1 மி.மீ. அந்தக் கோப்பைப் பெரிதாக்கினால் தையல்கள் நீண்டு தளரும். சுருக்கினால் ஊசி ஒரே இடத்தில் குத்தி நூல் அறும். மென்பொருளின் மூலக்கோப்பைப் பத்திரப்படுத்தாதவர் தம் டிசைனைப் பாதி இழந்தவர்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஓரமாக்க ஆசை வருவது இயல்பே. ஆனால் வழக்கமான 40-ஆம் எண் நூலின் தடிமன் ஏறத்தாழ 0.4 மி.மீ. 8 மி.மீ.க்குள் எட்டுப் பழம் வரைந்தால் குலை தெரியாது, கட்டிதான் தெரியும். பந்தலைச் சுற்றிப் பிடிக்கும் பற்றுக்கம்பியின் சுருளும் ஓர் இலையும் போதும். குலையைப் பின்கழுத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய பூவேலையாக வைக்கலாம்.

ஆரி வேலையோடு இதைக் குழப்பக்கூடாது. ஆரி என்பது கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல். கணினி எந்திரங்களில் பெரும்பாலானவை மேல்நூலும் பாபின் நூலும் பூட்டிக்கொள்ளும் தையல் போடுபவை. அதேபோல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தோடர் பூத்தையல், துணியின் இழையை எண்ணிக் கையால் தைப்பது. அதன் வடிவத்தைக் கணினியில் ஏற்றி, ‘தோடர் வேலை’ என்று விற்பது தோடர் பெண்களின் உழைப்பைத் திருடுவதாகும்.

ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் தறிகளில் நெய்யும் மெல்லிய பருத்தித் துணியில் இந்தத் தையல் போடும்போது, துணிக்கு அடியில் தாங்குதாள் வைக்காவிட்டால் ஓரம் சுருங்கும். அதே துணியின் வெட்டுத் துண்டில் பத்துக் காய் ஓட்டிப் பார்த்து, ஒருமுறை துவைத்துக் காயவைத்து, பிறகே ரவிக்கையைப் பிரேமில் ஏற்ற வேண்டும்.