அழைத்தவர் யார்?

கணிப்பொறியின் வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறுகள், தவறினால் முதலாளிகளின் வரலாறுகள். கட்டளையிடுதலுக்கும் ஒரு வரலாறு உண்டு. தரவுத்தளத்தின் கட்டளைக்குறிக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு துணைநிரலைப் பெயர் சொல்லி, அடைப்புக்குறிக்குள் சில மதிப்புகளைக் கொடுத்து ஓடவிடுகிறோம். ஒரே ஒரு வரி. 'இதுல என்னய்யா அரசியல் இருக்கு' என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த வரிக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: நிரலை எழுதி வைத்தவர், அதை அழைப்பவர், யாருடைய கணக்கை அது மாற்றுகிறதோ அவர். மூன்றாமவர் திரைக்கு முன்னால் இல்லை. அழைப்பு நடந்ததே அவருக்குத் தெரியாது.

அடிக்கடி தேவைப்படும் வேலையை ஒருமுறை எழுதி, பெயரிட்டு வைத்துக்கொள்வதுதான் துணைநிரல். வட்டி போடுகிற துணைநிரல் என்றால் அசல், விகிதம், காலம் மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறும். மாறுகிறவற்றை அழைப்பவர் கொடுக்க வேண்டும். கொடுக்கப்படும் அந்த மதிப்புக்கு ஆர்குமெண்ட் என்று பெயர். அகராதியைப் பார்த்தால் வாதம், தகராறு என்று போட்டிருக்கும். இங்கே தகராறுக்கே இடமில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வேலையை முடிக்க வேண்டியதுதான்.

1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜில் எட்சாக் கணிப்பொறி தன் முதல் நிரலை ஓட்டியது. அங்கே எழுந்த சிக்கல் இது: ஒரே துணைநிரலைப் பல இடங்களிலிருந்து அழைக்கலாம் என்றால், வேலை முடிந்ததும் அது எங்கே திரும்பும்? டேவிட் வீலர் ஒரு வழி கண்டார். அழைக்கும் இடம் தன் முகவரியைக் கூட்டுப்பதிவகத்தில் ஏற்றிவிட்டுத் தாவும். துணைநிரல் அதைக் கொண்டு 'வந்த இடத்துக்குத் திரும்பு' என்ற ஆணையைத் தன் முடிவில் தானே எழுதிக்கொள்ளும். ஆர்குமெண்டுகளை அழைப்பு ஆணைக்கு அடுத்த இடங்களிலேயே வைத்துவிடலாம். 1951இல் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் எழுதிய நூல் இந்த முறையை விளக்கியது. ஆக, எட்சாக்கின் துணைநிரல் அழைத்த இடத்தின் முகவரியைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டது. மேற்கொண்டு நடந்ததை இந்த ஒரு விஷயத்தை வைத்தே நான் வாசிக்க விரும்புகிறேன்.

கட்டளைக்குறி வந்ததும், அழைக்கிற இடத்தில் இன்னொரு நிரலுக்குப் பதில் மனிதர் வந்து உட்கார்ந்தார். 1960களின் நடுவில், அமெரிக்க ராணுவத்தின் ஷையன் ஹெலிகாப்டர் உதிரிபாகக் கணக்குக்காக டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் டான் நெல்சனும் டிக் பிக்கும் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது பிக் தரவுத்தள அமைப்பு. அதன் கட்டளைக்குறியில் முழு நிரலை ஓட்டலாம். ஆர்குமெண்ட் கேட்கிற துணைநிரலை நேராக ஓட்ட முடியாது. துணைநிரல் மாறிகளைக் கேட்கிறது. கட்டளை வரியில் இருப்பவையோ வெறும் சொற்கள். விடையைத் திருப்பி வைக்கவும் அங்கே இடமில்லை. எனவே நடுவில் ஒரு சின்ன நிரல் – தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள் – தட்டிய வரியைச் சொல் சொல்லாகப் பிரித்து, மாறிகளில் போட்டு, துணைநிரலை அழைத்து, விடையைத் திரையில் காட்ட வேண்டும்.

1992இல் வந்த ஆரக்கிள் 7, நிரல்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்க வழி செய்தது. எஸ்க்யூஎல் பிளஸ்ஸின் கட்டளைக்குறியில் 'எக்ஸிக்யூட்' என்று அடித்து, பெயரும் மதிப்புகளும் தந்தால் போதும். தரகர் ஒழிந்தார் என்று தோன்றும். ஒழியவில்லை. அந்த வரியை எஸ்க்யூஎல் பிளஸ் 'பிகின்', 'எண்ட்' என்ற சொற்களுக்கு நடுவில் வைத்து, பெயரற்ற ஒரு நிரலாக்கி அனுப்புகிறது. விடை வேண்டுமானால் முதலில் 'வேரியபிள்' என்று ஓர் இடத்தை அறிவித்து, அதன் பெயருக்கு முன் முக்காற்புள்ளியிட்டுக் கொடுத்து, பிறகு 'பிரிண்ட்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

இப்படி ஓடும் நிரல் யாருடைய உரிமையில் ஓடுகிறது? ஆரக்கிளின் வழக்கமான விதிப்படி, அதன் உடைமையாளரின் உரிமையில். அழைப்பவருக்கு ஓட்டும் அனுமதி மட்டும் இருந்தால் போதும். அழைப்பவரின் உரிமையிலேயே ஓடும்படி எழுதும் வசதி 1999இல், 8ஐ பதிப்பில் வந்தது. முதல் விதியை நான் பழிக்கவில்லை. சம்பள அட்டவணையை யாரும் நேரடியாகத் தொடாமல், வகுத்த வழியில் மட்டும் தொடட்டும் என்பது நல்ல ஏற்பாடே. ஆனால் கை ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது என்றாகிறது. அழைத்தவர் யார், என்ன கொடுத்தார் என்பதைக் குறித்துவைக்க யாராவது தனியாக ஏற்பாடு செய்திருந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் மிஞ்சுவது மாறிப்போன ஓர் எண்.

அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில், விளிக்கப்படுகிறவர் அந்த விளியிலேயே தன்னிலையாக உருவாகிறார். தெருவில் கூப்பிடும் போலீஸ்காரரைத் திரும்பியாவது பார்க்க முடியும். இங்கே விளி மூன்றாமவரின் காதில் விழுவதே இல்லை; நேராகக் குற்றவாளியாகிறார்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். ஃபுஜிட்சுவின் ஹொரைசன் கணக்கு அமைப்பு காட்டிய பற்றாக்குறைகளை வைத்து, 1999க்கும் 2015க்கும் இடையில் துணை அஞ்சலகங்களை நடத்தியோர் நூற்றுக்கணக்கில் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கணினிச் சான்றைக் கொண்டுவருபவரே கணினி சரியாக இயங்கியதை நிறுவ வேண்டும் என்ற கடமையை இங்கிலாந்து 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கியிருந்தது. கிளைக் கணக்குகளை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகள் சாதித்தது. 2019 டிசம்பரில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர், அமைப்பில் பிழைகள் இருந்ததையும், ஃபுஜிட்சு பொறியாளர்கள் கிளைக்காரருக்குத் தெரியாமல் பதிவுகளைச் செருக முடிந்ததையும் உறுதிசெய்தார். 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்துசெய்தது. அங்கே செருகியதெல்லாம் சேமித்த துணைநிரல் வழியாகத்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அழைத்தவரின் தடம் மூன்றாமவர் கைக்கு எட்டாத அமைப்பு என்பதே என் கவலை.

'கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க வருது' என்று சன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் எதுவும் தானாக வருவதில்லை. எந்த நிரல், யார் அழைத்தது, என்ன மதிப்பு கொடுத்து, யாருடைய உரிமையில் – இந்த நான்கையும் கேட்க வேண்டும். அழைத்த இடத்தைக் குறித்துக்கொள்ள வீலருக்கு ஒரு பதிவகம் போதுமானதாக இருந்தது. வசதி இல்லை என்று இன்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள்.