விரல் அசையும் வழி: குரங்கு சொன்னதும் படம் சொல்லாததும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு செய்பவர் சின்னச் சின்னக் கண்ணிகளை விரல் நுனியில் எடுத்துக் கோப்பார். ஒரு விரல் அசையும்போது பக்கத்து விரல் சும்மா இருக்கும். சாதாரண வேலை போலத் தெரிந்தாலும், இதற்கான நரம்புப் பாதையைக் கண்டுபிடிக்க நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்கு விலை கொடுத்தவை பெரும்பாலும் குரங்குகள்தான்.

1881-ல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில் டேவிட் ஃபெரியர் ஒரு குரங்கைக் காட்டினார். மூளையின் இடப்பக்க இயக்கப் பகுதி நீக்கப்பட்டிருந்ததால் அதன் வலக்கை, வலக்கால் செயலிழந்திருந்தன. பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, இது ஒரு நோயாளியேதான் என்று வியந்தாராம். பக்கவாதம் வந்த மனிதனைப் போலவே இருந்தது! அதே வருடம் மிருகவதைச் சட்டத்தில் ஃபெரியர் மீது வழக்கு வந்தது. அறுவை செய்தவர் அவருடைய சக ஆய்வாளர் என்பதால் தப்பித்தார்.

ஆனால் குரங்கும் மனிதனும் முழுக்க ஒன்றல்ல. 1968-ல் லாரன்ஸும் கைப்பர்ஸும் குரங்குகளில் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பிரமிடுப் பாதையை இருபுறமும் வெட்டினார்கள். கொஞ்ச நாளில் அவை மறுபடி நடந்தன, ஏறின. தனித்தனியாக விரலை அசைப்பது மட்டும் திரும்பவே இல்லை. மனிதனுக்கு இந்தப் பாதை போனால் பாதிப்பு இன்னும் அதிகம். குரங்குக்குக் கைகொடுக்கும் சில பழைய மாற்றுப் பாதைகள் நம்மிடம் சுருங்கிவிட்டன.

உயிரோடு இருக்கும் மனிதனில் பாதையை எப்படிப் பார்ப்பது? நரம்பிழையின் நீளவாக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் சுலபமாக நகரும், குறுக்கே அவ்வளவு சுலபமாக நகராது. இதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்து இழையின் திசையைக் கணக்கிடும் முறையை 1994-ல் பாஸர் குழுவினர் தந்தார்கள். இன்று மூளைக் கட்டியை எடுக்கும் மருத்துவர்கள் கத்தி படக்கூடாத இடத்தை அறிய இதையும் பார்க்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், படத்தில் தெரிவது நரம்பு அல்ல, கணக்கு. இழைகள் குறுக்கே போகும் இடத்தில், முக்கியமாகக் கைக்கும் முகத்துக்கும் போகும் இழைகளில், கணக்கு தடுமாறும். 2014-ல் ஒரு குழு குரங்கு மூளையின் இயக்கப் பகுதியில் இந்தப் படத்தையும், சாயம் செலுத்திக் கண்ட உண்மையான பாதையையும் ஒப்பிட்டது. இருக்கும் பாதைகளைத் தவறவிடாமல், இல்லாததையும் வரையாமல் இருந்த முறை ஒன்றுகூட இல்லை.

மனித மூளையில் அப்படிச் சாயம் செலுத்த முடியாது. மிஞ்சிய வழி, இறந்தவர் மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இதைத்தான் செய்கிறது. 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசு மூளையின் 5132 துண்டுப் படங்களை அது வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.