தலைக்கணக்கு

1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்த முகவர்களுக்கு வருடாவருடம் ஒரு கவலை வந்தது. பனி விழ ஆரம்பித்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். குளிர்காலத்திலும் விற்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று ஜப்பானுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அங்கே ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் இரண்டு சக்கரத்திலிருந்து ஆறு சக்கரம்வரை பலவிதமாகப் பூட்டிப் பார்த்துவிட்டு மூன்றில் வந்து நின்றார். உப்பிய பெரிய டயர்கள், அவற்றில் பெயருக்குக் கொஞ்சம் காற்று. பனி, மணல், சேறு எதிலும் புதையாமல் மேலாகவே போகும். 89 சிசி இன்ஜின். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது; குலுக்கலைத் தாங்குவதும் டயரின் வேலைதான். 1970இல் யுஎஸ்90 என்ற பெயரில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மறுவருடமே ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் அதில் ஏறிப் பாலைவனத்தில் தப்பித்தார். இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்?

இன்று ரிசார்ட்டுகளில் காசு கொடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோமே, எந்தத் தரையிலும் ஓடும் அந்த நாலு சக்கர ஏடிவிக்கு இதுதான் மூத்தது. வண்டி பிறந்தது சரி. அதில் ஏறுகிறவர் தலையில், காலில், கையில் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்ற யோசனை கூடவே பிறக்கவில்லை. போட்டுக்கொண்டவர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களின் ஹெல்மெட்டைத்தான் இரவல் வாங்கினார்கள். அந்த ஹெல்மெட்டுக்கு அப்போதே ஐம்பத்தாறு வயது. அதன் கதையைச் சொல்லாமல் ஏடிவியின் பாதுகாப்புக் கவசங்கள் எப்படி வந்தன என்று சொல்ல முடியாது.

லண்டனுக்குத் தென்மேற்கே ப்ரூக்லாண்ட்ஸில் ஒரு பந்தயத் தடம் இருந்தது, 1907இல் கட்டியது. அங்கே மருத்துவராக இருந்தவர் எரிக் கார்ட்னர். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டியாவது தலையில் அடியோடு தன்னிடம் வருவதை அவர் கவனித்தார். கையும் காலும் உடைந்தால் கட்டுப்போடலாம். தலைக்கு அந்தக் காலத்தில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியைச் சேர்ந்த மாஸ் என்பவரைப் பிடித்து, கித்தானில் அரக்கு பூசிக் கெட்டியான தொப்பி செய்யச் சொன்னார். கார்ட்னர் கேட்டது இரண்டே குணம். பலமான அடியைத் தாங்க வேண்டும்; எதில் மோதினாலும் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும். நூறு வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்த இரண்டாவது நிபந்தனை ஆச்சரியப்படுத்துகிறது. தலை சட்டென்று ஓரிடத்தில் சிக்கித் திருகுவது எவ்வளவு கெடுதல் என்பதை ஆராய்ச்சிக்கூடங்கள் பிற்பாடுதான் கணக்குப்போட்டுச் சொல்லின.

தொப்பியை எடுத்துக்கொண்டு பந்தயங்களை நடத்தும் ஆட்டோ சைக்கிள் யூனியனிடம் போனார். முதலில் திட்டு வாங்கினார். பிறகு அவர்களே மனம் மாறி, 1914இல் மான் தீவில் நடந்த டிடி பந்தயத்துக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். ஓட்டிகள் முணுமுணுத்தார்கள். பந்தயம் முடிந்ததும் தீவின் மருத்துவ அதிகாரியிடமிருந்து கார்ட்னருக்கு ஒரு கடிதம் வந்தது: வழக்கமாக டிடி முடிந்ததும் கவனித்துப் படிக்கும்படியான மூளை அதிர்ச்சி கேஸ்கள் சில வரும், இந்த வருடம் ஒன்றுகூட வரவில்லை என்று. ஏமாற்றம்போலத் தொனிக்கும் அந்தக் கடிதம்தான், என் பார்வையில், ஹெல்மெட்டுக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ்.

இந்த முணுமுணுப்பு நமக்குப் பழக்கமானது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஹெல்மெட் கெடுபிடி வந்தபோது வேர்க்கிறது, முடி கொட்டுகிறது, காது கேட்கவில்லை என்று டீக்கடைக்கு டீக்கடை பேசினோம்.

கார்ட்னரின் கண்டுபிடிப்பு பந்தயத் தடத்தோடு நின்றுவிட்டது. சாலைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டும் ஒரு பிரபலத்தின் சாவும் தேவைப்பட்டன. 1935 மே 13 அன்று ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், டார்செட்டில் தன் வீட்டுக்கு அருகே ப்ரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் போன இரண்டு பையன்கள் எதிர்பாராமல் முன்னால் தென்பட, அவர்களைத் தவிர்க்க ஒடித்தவர் தூக்கியெறியப்பட்டார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து 46 வயதில் இறந்தார். சிகிச்சைக்கு வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், பாஸ்டனில் ஹார்வி குஷிங்கிடம் நரம்பியல் அறுவை சிகிச்சை பயின்றவர். அவரால் அங்கே செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

செய்ய முடியாததை அவர் மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. இரவில் விளக்குகளை அணைத்துவிட்ட சாலைகளில், ராணுவத்தின் தபால்காரர்களான இளவயது ஓட்டிகள் பறந்தார்கள்; விழுந்தார்கள். கெய்ர்ன்ஸ் எண்ண ஆரம்பித்தார். 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்: போரின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களுமாக 2,279 பேர் இறந்திருந்தார்கள், போருக்கு முன்பு இருந்ததைவிட 21 சதவீதம் அதிகம். இந்தப் பெரிய எண்ணைவிட அவர் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு குட்டி எண். ஹெல்மெட் போட்டு விழுந்தவர்கள் என்று அவருக்குக் கிடைத்தது ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். புள்ளியியல்காரர்கள் ஏழு பேரை வைத்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ராணுவம் கேட்டுக்கொண்டது. 1941 நவம்பரில் பணியிலிருக்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. போர் முடிந்ததும் 1946இல் கெய்ர்ன்ஸ் மாதவாரியாகச் சாவுக் கணக்கை அடுக்கிக் காட்டினார். கோடு தெளிவாகக் கீழே இறங்குவது அந்த நவம்பருக்குப் பிறகுதான்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் துணையாகக் கிடைத்தார். மெழுகு மண்டையோட்டுக்குள் ஜெலட்டினை ஊற்றி மூளைபோல வைத்து, அதைத் திருகினால் எங்கே கிழிகிறது என்று அவர் பார்த்தார். நேரடி அடியைவிடத் தலை சுழல்வதே மூளையை அதிகம் சிதைக்கிறது என்ற முடிவுக்கு 1943இல் வந்தார். கார்ட்னர் கேட்ட வழுக்கும் தொப்பிக்குக் காரணம் இப்போது கிடைத்துவிட்டது. கெய்ர்ன்ஸ் 1952இல் காலமானார். பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது 1973 ஜூன் 1 அன்று.

அடுத்த அத்தியாயம் கலிஃபோர்னியாவில். அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லொம்பார்டும் ராத்தும் வடிவமைத்த ஹெல்மெட்டுக்கு 1953இல் காப்புரிமை கிடைத்தது: வெளியே கெட்டியான ஓடு, உள்ளே அடி விழுந்தால் நசுங்கி அதன் வேகத்தைத் தின்னும் பொருள். அந்த உள்பக்கத்துக்குப் பிற்பாடு நிலைத்த பொருள்தான் நாம் தெர்மாகோல் என்று சொல்வது. ஒரு முறை நசுங்கியது திரும்ப எழும்பாது. பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடச் சொல்வது அதனால்தான். 1954இல் ராய் ரிக்டர் என்ற உதிரிபாகக் கடைக்காரர் பெல் 500 ஹெல்மெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1956இல் பீட் ஸ்னெல் என்ற கார் பந்தய ஓட்டி, ஹெல்மெட் போட்டிருந்தும் தலைக்காயத்தால் இறந்தார். அவர் நண்பர்களும் ஜார்ஜ் ஸ்னைவ்லி என்ற மருத்துவரும் மறுவருடம் அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். எது ஹெல்மெட், எது வெறும் தொப்பி என்று அடித்துப் பார்த்துச் சொல்லும் வேலையை அது எடுத்துக்கொண்டது.

ஆக, 1970இல் அந்த மூன்று சக்கரம் கடைக்கு வந்தபோது தலைக்கு வேண்டியது தயாராகவே இருந்தது. விளையாட்டுச் சாமானாக வாங்கி வீட்டுப் புழக்கடையில் ஓட்டுகிற ஒன்றுக்கு இதெல்லாம் எதற்கு என்று மக்கள் நினைத்ததுதான் சிக்கல். மூன்று சக்கரம் என்றால் விழாது என்பது பார்வைக்குத் தோன்றும் நம்பிக்கை. உண்மை வேறு. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்பவை. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகப் போக விரும்பும், அச்சு விடாது. வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்த்து, எடையை மாற்றி அந்தச் சக்கரத்தை நழுவ விட்டால்தான் திரும்பும். பழக்கமில்லாதவர் ஹேண்டில்பாரை மட்டும் ஒடித்தால் கவிழும்.

காலுக்கு நேர்ந்தது இன்னும் விசேஷம். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் வண்டி சாய்ந்தால் அனிச்சையாகக் காலை ஊன்றுவார். இங்கே அப்படி ஊன்றினால் பின்னால் வரும் உப்பிய டயர் அந்தக் காலைக் கவ்வி அடியில் இழுத்துக்கொண்டு, ஓட்டி வந்தவர் மேலேயே ஏறிவிடும். ஏடிவிக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறும், குதியுள்ள பூட்ஸ் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. கால் மிதியிலிருந்து வழுக்காமல் குதி பிடித்துக்கொள்ளும். கண்ணாடியும் அப்படித்தான்: முன்னால் காற்றுத்தடுப்பு கிடையாது, முன்னே போகிற வண்டியின் சக்கரம் வாரியடிக்கும் கல்லும் முகத்தில் அறையும் கிளையும் கண்ணுக்கு நேராக வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை எல்லாமே முள்ளும் உராய்வும் கற்றுக்கொடுத்தவை.

1980களின் நடுவில் அமெரிக்காவில் வருடத்துக்கு 80,000 பேருக்கு மேல் ஏடிவி காயங்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதாக அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. சிறுவர்கள் ஏராளம். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், 1988இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து கம்பெனிகளும் பத்து வருட உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. புது மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. வாங்குகிறவர்களுக்கு இலவசப் பயிற்சி, 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரிய வண்டி கூடாது என்ற எச்சரிக்கை, ஹெல்மெட் போடச் சொல்லும் ஸ்டிக்கர்கள் எல்லாம் அப்போது வந்தவை. ஏற்கெனவே வீடுகளில் நின்ற மூன்று சக்கரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இந்த வண்டிக்கும் ஒரு கெய்ர்ன்ஸ் வேண்டியிருந்தது. அந்த ஆணையத்திலேயே வேலை பார்த்த கிரிகரி ராஜர்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். 1990இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஏடிவியில் ஹெல்மெட் போடுவது சாகும் அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், உயிர் போகாத தலைக்காயத்தைச் சுமார் 64 சதவீதமும் குறைக்கிறது. இரவல் தொப்பி இந்த வண்டியிலும் வேலை செய்கிறது என்பது எண்ணில் நிரூபணமானது.

ஆனால் இரவல் இரவல்தானே. நியூசிலாந்தில் ஏடிவி விளையாட்டுச் சாமான் அல்ல, பண்ணை வண்டி. ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மேட்டில் மெதுவாக ஏறி இறங்குகிற விவசாயிக்கு, வேகச் சாலைக்கென்று செய்த கனமான ஹெல்மெட் நாள் முழுக்கத் தலையில் இருந்தால் கொதிக்கும். நாய் குரைப்பதும் சரியாகக் கேட்காது. அவர் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார். அந்த நாட்டுக்காரர்கள் 2002இல் ஏடிவிக்கென்றே ஒரு ஹெல்மெட் தரநிர்ணயம் எழுதினார்கள்: எடை குறைவு, காற்றோட்டம் உண்டு, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட பண்ணை வேலைக்குத் தகுந்தது. பந்தயத்துக்கோ சாலைக்கோ அது ஆகாது. தலையில் இருக்கிற சுமாரான ஹெல்மெட், ஹேண்டில்பாரில் தொங்குகிற உயர்ந்த ஹெல்மெட்டைவிட மேல் என்று முடிவெடுத்தது நேர்மையான காரியம் என்றே நினைக்கிறேன்.

பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் சாவு விசாரணை அறிக்கைகள் வேறொன்றைச் சொல்லின. பண்ணைகளில் இறந்தவர்களில் பலர் வண்டி கவிழ்ந்து அதன் அடியில் மாட்டிக்கொண்டவர்கள். சிலருக்கு எலும்புகூடப் பெரிதாக உடையவில்லை. இருநூறு முந்நூறு கிலோ மார்பின்மேல் உட்கார்ந்ததில் மூச்சுவிட முடியாமல் இறந்திருந்தார்கள். ஹெல்மெட்டுக்கு அங்கே வேலை இல்லை. ஓட்டிக்குப் பின்னால் எழும்பி நிற்கும் ஓர் இரும்பு வளையம், கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவே உடம்புக்கு இடம் வைக்கும் என்றார்கள். கம்பெனிகள் எதிர்த்தன: வளையமே ஆளை அடித்துவிடும், பயிற்சியும் ஹெல்மெட்டும் போதும் என்றன. அரசு கேட்கவில்லை. 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும் புதிய பண்ணை ஏடிவிகளில் அந்தப் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும். ஹோண்டாவும் யமஹாவும் அந்த வகை வண்டிகளை ஆஸ்திரேலியாவில் விற்பதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தன. விற்பனையைத் தொடர்கிறவர்கள் வளையம் பூட்டி விற்கிறார்கள். அது வண்டியின் விலையில் சேர்ந்தே வருகிறது. ஹெல்மெட்டை மட்டும் வாங்குகிறவர்தான் தனியாகக் காசு போட்டு எடுக்க வேண்டும்.