குளியலறைத் தரையும் தண்ணீரின் வழியும்

நாலடி அகலமும் ஏழெட்டடி நீளமும் உள்ள குளியலறையில் டைல்ஸை நீளவாக்கில் பதிப்பதா, குறுக்குவாக்கில் பதிப்பதா? வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கடைகளில் தயாராக ஒரு விடை இருக்கிறது: நீளவாக்கில் பதித்தால் அறை நீளமாகத் தெரியும், குறுக்கே பதித்தால் அகலமாகத் தெரியும். கண்ணை மட்டும் கணக்கில் எடுத்துச் சொன்ன விடை இது. குளியலறைத் தரைக்கு ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அறையைப் பெரிதாகக் காட்டுவதற்காகத் திசை பார்க்கும் வழக்கம் அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. அதுவும் தரை நனையாத குளியலறைகளில் பிறந்த வழக்கம். தரை நனைந்த இடங்களில் எல்லாம் தண்ணீர் போகும் வழி முதலில் முடிவானது, கல்லும் செங்கல்லும் அதற்குக் கட்டுப்பட்டன. நம் வீட்டுத் தரை இன்றும் நனைகிற தரை. ஆகவே பழைய முறைதான் நமக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

சான்று தேடினால் முதலில் போக வேண்டிய இடம் சிந்து நதிக்கரையிலுள்ள மொகஞ்சதாரோ. அங்கே பெரும்பாலான வீடுகளில் குளிக்கத் தனி இடம் இருந்தது. வசதியான வீடு, எளிய வீடு என்ற வேறுபாட்டை மீறி அந்த இடங்களின் அமைப்பில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. கழிவுநீர் தெருச் சாக்கடைக்கு எளிதாகப் போய்ச் சேரும்படி, குளியலிடம் பெரும்பாலும் தெருப்பக்கச் சுவரை ஒட்டியே அமைந்தது. தரைக்குச் சுட்ட செங்கல்லைத் தேய்த்து, இடுக்குத் தெரியாதபடி நெருக்கிப் பதித்தார்கள். அந்தத் தரை ஒரு மூலையை நோக்கி மெல்லச் சரிந்தது. மூலையில் சுவரைத் துளைத்து ஒரு வாய். 1920-களில் ஜான் மார்ஷல் தலைமையில் தோண்டியெடுக்கப்பட்ட பெருங்குளமும் இதே பாடத்தைப் பெரிய அளவில் சொல்கிறது. ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் கொண்ட அந்தக் குளத்தின் தரையில் செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் ஒருக்களித்து நிறுத்தி, ஜிப்சம் கலந்த சாந்தில் நெருக்கி அடுக்கினார்கள். நீர் கசியாமலிருக்கச் சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூச்சும் கொடுத்தார்கள். அந்தத் தரையும் தென்மேற்கு மூலையை நோக்கித்தான் இறங்குகிறது. குளமும் நீள்சதுரம், நம் குளியலறையும் நீள்சதுரம். நீள்சதுரத் தரையில் தண்ணீரை நாலு பக்கமும் அலைய விடாமல் ஒரே ஓரத்துக்குக் கொண்டுபோவது என்ற முடிவை அந்த நகரத்துக் கொத்தர்கள் செங்கல்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

ரோமானியர் இதற்கு ஓர் அளவையே எழுதிவைத்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலை இயற்றிய விட்ருவியஸ், வெயிலும் மழையும் படும் தளத்துக்குப் பத்தடிக்கு இரண்டு விரற்கடை சரிவு வேண்டும் என்கிறார். ரோமானிய அடிக்குப் பதினாறு விரற்கடை. கணக்குப் பார்த்தால் எண்பதுக்கு ஒன்று. இன்றைய கொத்தனார் விடுகிற வாட்டத்துக்கு இது வெகு தூரத்தில் இல்லை. அதே பகுதியில்தான் சிறு செங்கற்களைக் கதிர் மணிகள்போல் சாய்த்துச் சாய்த்துப் பதிக்கும் தளவகையையும் அவர் குறிப்பிடுகிறார். இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ரோமானியக் குளியல் கூடங்களின் தரையில் கடல் தெய்வங்களும் மீன்களும் சித்திரமாகப் பதிக்கப்பட்டனவே, அது கண்ணுக்காகச் செய்தது இல்லையா என்று கேட்கலாம். கண்ணுக்காகத்தான். ஆனால் அந்தச் சித்திரங்கள் விரல் நகத்தளவுச் சிறு கற்களால் ஆனவை. அவ்வளவு சிறிய கல் எந்தச் சரிவுக்கும் ஒத்துப்போகும். அதற்கென்று தனித் திசை கிடையாது. அழகு வேண்டியவர்களும் சரிவோடு மோதாத பொருளையே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் குளியல் வெகுகாலம் கொல்லைப்புறத்திலும் கிணற்றடியிலும்தான் நடந்தது. கிணற்றடியில் பெரிய கற்பலகைகளை வாய்க்கால் பக்கம் சாய்வாகப் பாவி, ஓடுகிற தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் பாயவிட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்துக் கல்தளமும் மழைநீரை ஒரு மூலைக்கு வாங்கி வெளியே அனுப்புவதற்காகவே அமைந்தது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் வேகவைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து உருவாக்கும் பூக்கற்கள் வந்தபோது, அவற்றுக்குக் கிடைத்த இடம் கூடமும் பட்டாலையும்தான். கரை, பூ, நடுப்பகுதி என்று திசை பார்த்துப் பதிக்க வேண்டிய கற்களை நனையாத தரைக்கு வைத்துக்கொண்டு, நனையும் தரையைக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் விட்டது எவ்வளவு தெளிவான பாகுபாடு! பிறகு குளியலறை வீட்டுக்குள் வந்தபோதும் கடப்பைக் கல்லோ சிவப்புச் சிமெண்டுத் தரையோதான் அதற்குத் துணை. சிமெண்டுத் தரையில் இணைப்பே கிடையாது. கொத்தனார் கரணையால் இழுத்த இழுப்பில் வாட்டம் தானே அமைந்தது. நீளவாக்கா, குறுக்குவாக்கா என்ற கேள்விக்கே இடமில்லை.

அந்தக் கேள்வி பிறந்தது இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில். ஈரக் களிமண்ணில் செய்த ஓடு காயும்போதும் வேகும்போதும் சுருங்கிக் கோணும்; ஒன்றுபோல் ஒன்று இருக்காது. 1840-இல் ரிச்சர்ட் பிராசர் உலர்ந்த களிமண் தூளை இயந்திரத்தில் அழுத்தி உருவம் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டோக் நகரத்து மிண்டன் ஆலை அதைக் கையாண்டு ஓடு செய்யத் தொடங்கியது. அச்சுப் பிசகாத ஓடுகள் வந்த பிறகுதான் சுவருக்குச் சுவர் நூல் பிடித்ததுபோல நேர்கோடு ஓடும் தரை பரவலாயிற்று. கோடு வந்ததும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கண்ணில் பட்டது. அப்போதும் நனையும் தரை உடனே அதற்கு வசப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குளியலறைகளில் பரவியது ஓர் அங்குல அளவுள்ள வெள்ளை அறுகோண ஓடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், சரிவுக்கும் வளையும். நிலைமையை மாற்றியது குளியல் தொட்டி. ஐந்தடித் தொட்டியைக் குறுகிய சுவரோடு பொருத்திய ஐந்துக்கு எட்டு அடி அறை அங்கே வழக்கமான அளவாயிற்று. தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் அடங்கியது. மிச்சத் தரைக்கு வாட்டமும் வேண்டியதில்லை, வடிகாலும் வேண்டியதில்லை. அது ஒரு சிறிய வரவேற்பறைத் தரையாகவே மாறிவிட்டது. அத்தகைய தரைக்குத்தான் நீளமாகக் காட்டு, அகலமாகக் காட்டு என்ற யோசனை பொருந்தும். அந்த யோசனையில் தவறில்லை. அது பிறந்த அறைதான் வேறு.

நம் அறை எப்படிப்பட்டது? இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கழிப்பிடமும் சேர்ந்த குளியலறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் கேட்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய அடுக்குமாடிகளில் இந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டியே அறைகள் அமைகின்றன. 2.8-ஐ 1.2-ஆல் வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 2.33 மீட்டர் வருகிறது; அதாவது நாலடிக்கு ஏழேமுக்கால் அடி. குறுகிய குளியலறை நம்மிடம் இவ்வளவு பெருகியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அந்த அறைக்குள் வாளியும் குவளையும் வைத்துக் குளிக்கிறோம், துணி அலசுகிறோம், கடைசியில் தரை முழுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். மொகஞ்சதாரோக்காரர் பார்த்தால் அந்நியமாக நினைக்க மாட்டார். இதன் மேல்தான் இப்போது குஜராத்தின் மோர்பியிலிருந்து இரண்டடிக்கு நாலடிப் பலகைகள் வந்து இறங்குகின்றன.

பெரிய பலகை வளையாது என்பதுதான் இதில் அடிப்படை. வடிகால் வாயை அறையின் நடுவில் வைத்தால் நாலு பக்கத்திலிருந்தும் தரை அதை நோக்கி இறங்க வேண்டும். கடித உறையின் பின்புறம்போல நாலு மடிப்பு விழும். பெரிய டைலை அந்த மடிப்புகளில் மூலைவிட்டமாக அறுத்தாக வேண்டும். அறுக்காவிட்டால் ஒரு முனை தூக்கும், தூக்கிய இடத்தில் தண்ணீர் தங்கும். வடிகால் வாய் குறுகிய சுவரின் ஓரத்தில் இருந்தால் முழுத் தரையும் ஒரே சரிவாக இறங்கலாம். விட்ருவியஸின் அளவை வைத்தால் அந்த ஏழேமுக்கால் அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இறக்கம் போதும். இனி ஓரடிக்கு இரண்டடி டைலை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் பதித்தால் ஒவ்வொரு வரிசையிலும் தண்ணீரின் குறுக்கே வருகிற இணைப்புகள் மூன்று. குறுக்கே பதித்தால் ஏழு. இணைப்பில் ஒரு டைல் மயிரிழை உயர்ந்து நின்றாலும் குறுக்கு இணைப்பில் அது தண்ணீருக்கு அணை. ஓட்டத்தோடு போகும் இணைப்பில் அதே பிசகு நடந்தால் தண்ணீர் பக்கத்தில் வழிந்து போய்விடும். ஆனால் இதைக் கேட்டு எப்போதும் நீளவாக்குதான் என்று விதி செய்துவிடக் கூடாது. குழாய்க்கூண்டு நீளச் சுவரின் பின்னால் இருந்து, அந்தச் சுவர் நெடுகிலும் நீண்ட வடிகால் வைத்தால், தண்ணீர் நாலடி அகலத்தில்தான் ஓடும். அப்போது குறுக்குவாக்கே சரி.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் கனமானது வழுக்கல் பற்றிய வாதம். குறுக்கு இணைப்புகள் காலுக்குப் பிடி கொடுக்கும். அவற்றைக் குறைத்தால் முதியவர்கள் விழுவார்களே என்கிறார்கள். இந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது குறுக்கே பதிப்பதற்கான வாதமாக இல்லாமல், பெரிய பளபளப்பு டைலுக்கு எதிரான வாதமாகவே முடிகிறது. ஓரடிச் சதுரமோ அதைவிடச் சிறியதோ, சொரசொரப்பான டைலை எடுத்தால் பிடியும் கிடைக்கும், சரிவும் படியும், திசைச் சிக்கலும் பெருமளவு தீரும். ரோமானியச் சிறு கல்லும் அமெரிக்க அறுகோணமும் இந்த வழியில் வந்தவைதான். அடுத்த வாதம், அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும்போது மேலே கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் என்ன என்பது. பூச்சு கீழ்வீட்டுக் கூரையைக் காக்கும். மேலே தேங்கிய ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் உப்புக்கறையையும் பாசியையும் அது தடுக்காது. அந்தக் கறையைப் போக்க ஊற்றும் அமிலம் இணைப்பிலுள்ள சிமெண்டைத் தின்னும். கண்ணாடித் தடுப்பு வைத்து நனையும் பகுதியைப் பிரித்துவிட்டவர்கள் மட்டும், தடுப்புக்கு வெளியே தங்கள் கண் சொல்வதைக் கேட்கலாம். அங்கும் வாளியால் ஊற்றிக் கழுவுகிற வழக்கம் இருந்தால் வாட்டத்தை விட்டுவிட முடியாது.

ஆகவே டைல்ஸ் கடைக்குப் போகும் முன் வடிகால் வாய் எந்தச் சுவரோரம் வரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். முடிந்தால் அதை வாசலுக்கு எதிர்முனையில் வையுங்கள். வாட்டச் சாந்து இறுகியதும், டைல் பதிப்பதற்கு முன்பு, வாசல் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எந்த வழியாகப் போகிறது என்று கொத்தனாரோடு நின்று பாருங்கள். அது ஓடுகிற திசையில் டைலின் நீளப்பக்கத்தை வைக்கச் சொல்லுங்கள். எங்காவது தேங்கினால் வாட்டத்தை அப்போதே திருத்திவிடலாம். பதித்த பிறகு திருத்த வேண்டுமானால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.