நாக்கில் வலியற்ற கட்டி: புற்றுநோயா, நரம்புக் கட்டியா? திசுப் பரிசோதனையே முடிவு செய்யும்

புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் பரவலாகக் காணப்படும் இந்தியாவில், நாக்கில் சிறு கட்டி தென்பட்டாலே புற்றுநோய் என்ற அச்சம் எழுவது இயல்பு. எனினும், நரம்புத் திசுவிலிருந்து தோன்றும் தீங்கற்ற கட்டிகளும் அரிதாக வாயில் உருவாகின்றன. கண்ணால் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ இவற்றை உறுதி செய்ய இயலாது.

இவற்றுள் முக்கியமானது ஷ்வானோமா. நரம்பு இழைகளுக்கு உறையாக அமையும் ஷ்வான் செல்களில் இது தோன்றுகிறது. உடலில் ஏற்படும் ஷ்வானோமாக்களில் சுமார் 1 சதவீதமே வாய்க்குள் காணப்படுகின்றன. அவற்றிலும் நாக்கே அதிகம் பாதிக்கப்படும் இடம். மெதுவாக வளரும் இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால் பலர் விழுங்கவோ பேசவோ சிரமம் ஏற்பட்ட பிறகே மருத்துவரை நாடுகின்றனர். தெளிவான உறையுடன் இருப்பதால், நரம்பைக் காத்தவாறே கட்டியை அகற்றுவது பெரும்பாலும் சாத்தியம். முழுமையாக அகற்றினால் மீண்டும் வருவது அரிது.

நியூரோஃபைப்ரோமா அவ்வாறன்று. இதில் நரம்பு இழைகள் கட்டியினூடே கலந்திருப்பதால் பிரித்தெடுப்பது கடினம். சிலருக்கு இது என்எஃப்-1 என்ற மரபணு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், தோலில் பழுப்பு நிறத் திட்டுகள் உள்ளனவா என்றும் பார்க்கப்படும். பல் பிடுங்கிய இடத்திலோ காயம்பட்ட இடத்திலோ நரம்பு முனை தாறுமாறாக வளர்ந்து உண்டாகும் முடிச்சு, அழுத்தும்போது வலி தரக்கூடும்.

எம்ஆர்ஐ பரிசோதனை கட்டியின் அளவையும் ஆழத்தையும் காட்டும். வகையை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே. ஷ்வான் செல்களை அடையாளம் காண எஸ்-100 என்ற புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கின்றனர்.

ஆனால் திசுவை எடுக்கும் விதமும் முக்கியம். நாக்கில் வரும் கிரானுலர் செல் கட்டி இதற்குச் சான்று. 1926-இல் இதை விவரித்த ரஷ்ய நோய்க்குறியியல் நிபுணர் அலெக்ஸி அப்ரிகோசோவ், தசையிலிருந்து தோன்றுவதாகக் கருதினார். ஷ்வான் செல்களே மூலம் என்பது பின்னரே தெரிந்தது. இக்கட்டிக்கு மேலுள்ள சவ்வு மிகையாகத் தடித்து, நுண்ணோக்கியில் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும். மேலோட்டமாக எடுத்த சிறு துணுக்கை மட்டும் கண்டு முடிவு செய்தால், தேவையற்ற பெரிய அறுவை சிகிச்சை வரை கொண்டு செல்லும் அபாயம் உண்டு.

இதற்கு நேர்மாறான அபாயமும் உள்ளது. குழந்தையின் உதட்டிலும் நாக்கு நுனியிலும் பல சிறு முடிச்சுகள் காணப்பட்டால், அது எம்இஎன்-2பி என்ற மரபணு நோயாக இருக்கலாம். இம்முடிச்சுகள் தீங்கற்றவை, ஆனால் இந்நோயில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் மிக இளம் வயதிலேயே தோன்றுகிறது. பெரும்பாலும் பெற்றோருக்கு இந்நோய் இருப்பதில்லை என்பதால் குடும்ப வரலாறு கைகொடுக்காது. அழும்போது கண்ணீர் வராமை, தீராத மலச்சிக்கல் ஆகியவையும் தொடக்க அறிகுறிகள். ரெட் மரபணுப் பரிசோதனையில் அதிக அபாயமுள்ள மாற்றம் உறுதியானால், முதல் வயதுக்குள்ளேயே தைராய்டை அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது. வயது கூடியவர்களுக்கு, எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் அட்ரீனல் சுரப்பியில் கட்டி இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். அதை அறியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும்.