புதிய டிவியில் படம் இயல்பாகத் தெரியவில்லையா? ரிமோட்டிலேயே சரிசெய்யும் வழிமுறைகள்

கடையில் பளிச்சென்று தெரிந்த தொலைக்காட்சி, வீட்டுக்கு வந்ததும் முகங்களைச் சிவப்பாகவும் கிரிக்கெட் மைதானத்தின் புல்லை அளவுக்கு மீறிய பச்சையாகவும் காட்டுவதாகப் பலர் குறைப்படுகின்றனர். பெரும்பாலும் இது பழுதன்று. அமைப்புகளில் உள்ள கோளாறே. மெக்கானிக்கை அழைக்கும் முன், செலவின்றி ரிமோட் மூலமே இதைச் சரிசெய்ய முயலலாம்.

காரணம் என்ன?

விற்பனையகத்தின் கடும் வெளிச்சத்தில் வாடிக்கையாளரைக் கவர்வதற்காகவே ‘விவிட்’, ‘டைனமிக்’ போன்ற முறைகள் உள்ளன. இவை ஒளியையும் நிறத்தையும் மிகைப்படுத்துகின்றன. முதன்முறை இயக்கும்போது ‘ஸ்டோர்’ என்பதைத் தவறுதலாகத் தேர்வு செய்திருந்தால், அதை ‘ஹோம்’ என மாற்ற வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

செட்டிங்ஸ் பகுதியில் ‘பிக்சர் மோட்’ சென்று ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்பதைத் தேர்வு செய்யலாம். இந்த ஒரு மாற்றமே பெரும்பாலான குறைகளைப் போக்கிவிடும். தொடக்கத்தில் படம் சற்று மஞ்சளாகத் தோன்றினாலும் ஓரிரு நாளில் கண் பழகிவிடும். ஒளிபரப்புத் துறை வெண்மைக்கு வகுத்துள்ள 6,500 கெல்வின் அளவுக்கு நெருக்கமானது இந்த ‘வார்ம்’ நிறமே.

திரைப்படம் நாடகம்போல் தெரிகிறதா?

திரைப்படங்கள் பொதுவாக நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு இடையே தொலைக்காட்சி தானாகவே கூடுதல் பிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பதால், படம் செயற்கையாக வழுக்கிச் செல்வதுபோல் தோன்றுகிறது. சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ எனப் பல பெயர்களில் இவ்வசதி உள்ளது. இதை அணைத்துவிடுமாறு ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் காணொளி வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். விளையாட்டு நேரலைக்கு மட்டும் தேவையெனில் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒளியும் கூர்மையும்

* பேக்லைட்: இதுவே திரையின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பகலில் கூட்டியும் இரவில் குறைத்தும் வைக்கலாம். எல்இடி தொலைக்காட்சிகளில் இதைக் குறைத்தால் மின்நுகர்வும் குறையும்.
* பிரைட்னஸ்: பல மாடல்களில் இது கருமையின் அளவையே மாற்றும், சிலவற்றில் இதற்கு ‘பிளாக் லெவல்’ எனத் தனி அமைப்பு உண்டு. இருட்டுக் காட்சியில் கருங்கூந்தலின் இழைகள் தெரிய வேண்டும். அதே நேரம் திரையின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் சாம்பல் நிறமாகக் கூடாது.
* கான்ட்ராஸ்ட்: டெஸ்ட் கிரிக்கெட் வீரர்களின் வெள்ளை உடையில் மடிப்புகள் தெரியும் அளவுக்கு வைப்பது சரியானது.
* ஷார்ப்னஸ்: அதிகரித்தால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். அது மறையும்வரை குறைக்க வேண்டும்.

செட்-டாப் பாக்ஸையும் கவனியுங்கள்

எச்டி பாக்ஸை மூன்று வண்ண ஏவி கேபிளில் இணைத்திருந்தால் எச்டி தரம் கிடைக்காது. எச்டிஎம்ஐ கேபிள் அவசியம். பாக்ஸின் அமைப்பில் ரெசல்யூஷன் 1080 என உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகள் வெட்டுப்பட்டால், ‘பிக்சர் சைஸ்’ பகுதியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என மாற்றலாம். எஸ்டி சேனல்கள் பெரிய திரையில் மங்கலாகத் தெரிவது இயல்பே. அதை எந்த அமைப்பாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

பல தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் அமைப்பு தனித்தனியானது. எனவே செட்-டாப் பாக்ஸுக்குச் செய்த மாற்றத்தை மற்ற இணைப்புகளுக்கும் செய்ய வேண்டியிருக்கலாம். மாற்றும் முன் பழைய அளவுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. மாற்றம் பிடிக்கவில்லையெனில் ‘ரீசெட் பிக்சர்’ மூலம் ஆரம்ப நிலைக்குத் திரும்பலாம். இத்தனைக்குப் பிறகும் திரையில் கோடுகளோ கறைகளோ நீடித்தால், உத்தரவாதக் காலம் முடியும் முன் சேவை மையத்தை அணுகுவதே சரியான வழி.