ஒரு சர்ச் தன்னைத்தானே ரிவ்யூ செய்துகொண்டபோது

இன்னைக்கு எபிசோட்ல அமெரிக்காவுக்குப் போறோம். வர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட் நகரம், செயின்ட் பால்ஸ் எபிஸ்கோபல் சர்ச். "நாம யாரு, இனி எங்க போறோம்?" என்று ஒரு சபை தன்னையே கேட்டுக்கொண்ட கதை இது.

முதல்ல ஒரு சின்ன பின்னணி. எபிஸ்கோபல் சர்ச் என்பது இங்கிலாந்து திருச்சபையின் அமெரிக்கக் கிளை. சுதந்திரப் போருக்குப் பிறகு அது தனியாகப் பிரிந்தது. நம்ம ஊரில் ஆங்கிலிக்கன் சபைகள் 1947-ல் மற்ற சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது இல்லையா, அந்த வகையில் இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சி.எஸ்.ஐ.யில் குருவானவரை திருமண்டலம் மாற்றி அனுப்பும். எபிஸ்கோபல் சபையில், சபையாரே தேர்ந்தெடுத்த 'வெஸ்ட்ரி' என்ற நிர்வாகக் குழு, பேராயரின் சம்மதத்தோடு குருவானவரை அழைக்கும்.

அதனால் குருவானவர் விலகிப் போனால் அங்கே பெரிய வேலை ஒன்று ஆரம்பிக்கும். சபையார் உட்கார்ந்து 'பாரிஷ் ப்ரொஃபைல்' எழுதுவாங்க. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வர்றாங்க, காணிக்கை எவ்வளவு, கட்டடம் எப்படி இருக்கு, நம்ம பலம் என்ன, அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன ஆசை, எல்லாம் அதில் வரும். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரமும் அதுதான், சுயபரிசோதனையும் அதுதான். இப்போது இந்தக் கேள்விகளுக்கு அவசரம் அதிகம். 1960-களில் 34 லட்சத்தைத் தாண்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை, இன்று 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆனா இந்த மாதிரி ஆவணங்களில் ஒரு ஆபத்து இருக்கு. ஐடி கம்பெனியில் அப்ரைசல் ஃபார்ம் நிரப்பியவங்களுக்குத் தெரியும். பலம் பத்து வரி, பலவீனம் ஒரு வரி. செயின்ட் பால்ஸ் சுவாரசியமாவது இங்கேதான். அவங்க நிரப்பவேண்டிய பலவீனம் ஒரு வரியில் அடங்காது.

அந்த சர்ச் 1845-ல் பிரதிஷ்டை ஆனது, மாநில சட்டமன்றத்துக்கு எதிரிலேயே. அன்றைய ரிச்மண்ட், நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை. புகையிலை ஆலை, இரும்பு ஆலை எல்லாவற்றிலும் அடிமை உழைப்பு. சர்ச்சில் பணக்காரக் குடும்பங்கள் உட்கார்ந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1861-ல் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பாற்ற கூட்டமைப்பாகப் பிரிந்தன. அதுதான் கான்ஃபெடரசி. ரிச்மண்ட் அதன் தலைநகரம் ஆனது. அதன் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் 1862-ல் இந்த சபையில் சேர்ந்தார். தளபதி ராபர்ட் ஈ. லீயும் இங்கே வழிபட்டவர். 1865 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது டேவிஸ் கையில் ஒரு செய்தி வந்தது. பீட்டர்ஸ்பர்க் அரண் உடைந்துவிட்டது, ரிச்மண்டைக் காலி செய்ய வேண்டும் என்று லீ அனுப்பியது. டேவிஸ் எழுந்து வெளியே போனார். அன்றிரவே ரயிலேறினார். மறுநாள் நகரத்துக்குள் நுழைந்த வட படைகளில் கறுப்பினப் படைவீரர்களும் இருந்தாங்க.

கதை இங்கே முடிஞ்சிருக்கலாம். ஆனா தோற்றவங்க நினைவுகளைக் கண்ணாடியில் எழுதினாங்க. 1890-களில் லீயின் நினைவாகவும் டேவிஸின் நினைவாகவும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வந்தன. லீக்கு எந்தக் காட்சி தெரியுமா? பார்வோனின் அரண்மனையை விட்டுப் போகும் மோசே! அடிமைகளை விடுவித்த மோசேயை, அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் தளபதிக்கு உவமையாக வைத்திருக்காங்க. போருக்குப் பின் சிறையில் இருந்த டேவிஸுக்கு, அகிரிப்பா ராஜா முன் கட்டுண்டு நின்ற பவுல். இப்படி வேதாகமமே 'நாங்க செய்தது சரி' என்று சாட்சி சொல்லும்படி ஆகிவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. போர் முடிந்த 1865 கோடையில் ஒரு கறுப்பின மனிதர் நற்கருணை வாங்க முன்னால் வந்து முழங்காலிட்டார், எல்லாரும் உறைந்து நின்றபோது லீயும் போய் முழங்காலிட்டார் என்று. இது அச்சில் வந்தது நாற்பது வருஷம் கழித்து, 1905-ல். அந்த முதல் வடிவத்தில் லீ, அந்த மனிதரைப் பொருட்படுத்தாமல் சபையின் மானத்தைக் காப்பாற்றியவர். பிற்காலத்தில் அதே கதை 'இன ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு' ஆக மாறிவிட்டது. ஒரே லாக் ஃபைல், இரண்டு தலைமுறை, நேரெதிரான இரண்டு ரிப்போர்ட்! அந்தக் கறுப்பின மனிதரின் பெயர் இரண்டிலும் இல்லை. எனக்கு இதுதான் மனசுல நின்னது.

சரி, 2015-க்கு வருவோம். ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத்தில் எமானுவேல் சர்ச்சில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். கான்ஃபெடரேட் கொடியோடு அவன் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அதே கொடி செயின்ட் பால்ஸ் சுவர்களிலும் இருந்தது. சபை பல கூட்டங்கள் போட்டுப் பேசியது. கொடிச் சின்னங்களை அகற்ற முடிவெடுத்தது. கூடவே சபையின் முழு வரலாற்றையும் தோண்ட, வரலாறு மற்றும் ஒப்புரவு முயற்சி என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2020-ல் அடுத்த படி. லீயையும் டேவிஸையும் போற்றும் பலகைகள் போக வேண்டும், ஜன்னல்கள் மறு அர்ப்பணம் பெற வேண்டும் என்று வெஸ்ட்ரி தீர்மானித்தது.

"இது வரலாற்றை அழிக்கிறது இல்லையா?" என்று சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். என் பதில் இது: பலகை அந்தச் சுவரில் இருந்த நூறு வருஷத்தில், அடிமைப் பணத்தைப் பற்றி அந்தச் சுவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகையைக் கழற்றும் பேச்சு வந்த பிறகுதான் பழைய பதிவேடுகளைத் திறந்தாங்க. வரலாறு கூடியிருக்கு, குறையலை.

அதே சமயம், பலகையைக் கழற்றுவது சுலபமான பாதி. சபையில் பெரும்பாலும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் நிறைய வாழும் நகரத்தின் நடுவில் இருக்காங்க. 'எங்க சபை எல்லாரையும் வரவேற்கிறது' என்று ப்ரொஃபைலில் எழுத ஒரு நிமிஷம் போதும். உள்ளே வரும் ஒரு கறுப்பினக் குடும்பம் அதை நம்புமா என்பது, அந்தப் பணத்தைப் பற்றியும் அந்த மோசே ஜன்னலைப் பற்றியும் சபை எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. எதிர்காலத் திட்டம் என்ற பக்கத்தை நிரப்ப, கடந்தகாலம் என்ற பக்கத்தை முதலில் முழுசா எழுத வேண்டியிருந்தது.

நம்ம ஊர்க் கோயில்களிலும், சர்ச்சுகளிலும், பள்ளிகளிலும், சங்கங்களிலும் நன்கொடையாளர் பெயர்ப் பலகைகள் இருக்கு. அடுத்த முறை ஒன்றைப் பார்க்கும்போது, அதில் யார் பெயர் இல்லை என்றும் யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.